மாநகராட்சிக்கு நம்மைப் பற்றி என்னவெல்லாம் தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் ஊற்றும் நேரம் பார்த்து, யாராவது ஒரு பெரியம்மா கைப்பையிலிருந்து நான்காக மடித்த உறையை எடுப்பார். "தம்பி, இதைக் கொஞ்சம் பார்." தண்ணீர் பில்லாக இருக்கும், வீட்டு மதிப்பு அறிவிப்பாக இருக்கும், சில சமயம் பத்து வருடத்துக்கு முந்தைய கடிதமாகவும் இருக்கும். தாள்கள் வேறு வேறு. அடியில் இருக்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: இவர்களுக்கு இது எப்படித் தெரியும், தெரிந்தது ஏன் தப்பாக இருக்கிறது? அப்படிக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்தவை. சட்டங்களோ ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், பிரிட்டோரியா எல்லாவற்றுக்கும் பொது.

மாநகராட்சி என்னைப் பற்றி என்னதான் வைத்திருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு; ஆனால் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. வீடு உங்களுடையது என்றால் எர்ஃப் எண் (பத்திரத்தில் மனைக்கு இட்ட எண்), பரப்பு, உரிமையாளர் பெயர், மதிப்பு. தண்ணீர், மின்சாரம் வாங்கினால் மீட்டர் எண், மாதப் பயன்பாடு, கட்டிய பணம், கட்டாத பணம். கணக்குத் திறந்தபோது நீங்கள் கொடுத்த 13 இலக்க அடையாள எண், தொலைபேசி எண், முகவரி. கூடுதல் அறை கட்டியிருந்தால் அதன் வரைபடம். இவை தவிர மாநகராட்சி நூலக அட்டை, மருத்துவ மையத்துக் கோப்பு, மெட்ரோ போலீஸ் எழுதிய அபராதம், மயானப் பதிவு.

உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு வாக்களித்தீர்கள், வருமான வரி எவ்வளவு கட்டினீர்கள் என்பதெல்லாம் அவர்களிடம் இல்லை. அடையாள அட்டை உள்துறையின் வேலை; வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் வேலை. "கவுன்சிலுக்கு எல்லாம் தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது பழைய காலத்துப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைப் பின்னால், இனம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இதெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? பிறகு ஏன் ஒவ்வொரு கவுன்டரிலும் முதலிலிருந்து கேட்கிறார்கள்?

ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் நமக்குப் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். தண்ணீர்த் துறை மீட்டர் எண்ணால் உங்களை அறியும். மதிப்பீட்டுத் துறைக்கு நீங்கள் ஒரு எர்ஃப் எண். பில் பிரிவுக்கு ஒரு கணக்கு எண். போலீசுக்கு வண்டியின் நம்பர் பிளேட். இந்த எண்களை ஒன்றோடொன்று சரியாகக் கட்டி வைப்பதுதான் எந்த நகர நிர்வாகத்துக்கும் மிகக் கடினமான வேலை. அது பளபளப்பான வேலை இல்லை என்பதால் யாரும் அதைப் பற்றி மேடையில் பேசுவதில்லை.

நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு: பெயர். படையாச்சி என்ற ஒரே பெயரை அப்பாவின் பத்திரத்தில் ஒரு விதமாகவும், மகனின் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கவுண்டர் என்பது கோவெண்டர் ஆகிவிட்டது, முதலியார் மூட்லி ஆகிவிட்டார். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த காலத்தில் ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதை நாம் மூன்று நான்கு தலைமுறையாகச் சுமக்கிறோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அப்பாவும் மகனும் வேறு குடும்பம்.

எண் மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியது. தனியாக வாழும் ஒரு அக்கா. நான்கு பேர் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் பில் வந்துகொண்டிருந்தது. கசிவு என்று நினைத்துக் குழாய்க்காரனுக்கு வேறு பணம் கொடுத்துவிட்டார். ஒரு மாலையில் வெளிக்கதவருகே மீட்டர்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த எறும்புப் புற்றைத் தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பித்தளையில் பொறித்த எண்ணைப் படித்தோம். பில்லில் இருந்த எண் அதுவல்ல, பக்கத்து வீட்டினுடையது. மீட்டர் மாற்றிய நாளில் இரண்டு தாள்களை யாரோ இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஐந்து பேர். அவர்கள் மலிவான பில்லைப் பற்றி ஒரு நாளும் புகார் செய்யவில்லை! ஆகவே உறையோடு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மீட்டரில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா?

மீட்டர் பார்க்க ஆளே வரவில்லை. பில்லில் மட்டும் எண் எப்படி வருகிறது?

மதிப்பீடு. முந்தைய மாதங்களின் சராசரியை வைத்து ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். பில்லில் அந்த வரியருகே மதிப்பீடு என்றோ உண்மையான அளவு என்றோ ஒரு குறிப்பு இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பிறகு ஆறு மாதம் கழித்து உண்மையாக யாராவது படித்தால் மொத்த வித்தியாசமும் ஒரே பில்லில் வந்து விழும். நெஞ்சு வலி வருவது அந்த மாதத்தில்தான்.

2000ஆம் ஆண்டின் மாநகராட்சி அமைப்புகள் சட்டம், பயன்பாட்டைச் சரியாக அளக்க நடவடிக்கை எடுப்பது நகராட்சியின் கடமை என்கிறது. பில்லைக் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் செய்யக்கூடியது: மாதத்தில் ஒரே தேதியில் மீட்டரைப் படம் பிடியுங்கள், எண் தெரியும்படி. உங்களுடைய பன்னிரண்டு படங்களுக்கு முன்னால் அவர்களுடைய சராசரி நிற்காது. சர்ச்சை எழுப்பும்போது மொத்தப் பில்லும் தவறு என்று எழுதாதீர்கள். எந்த மாதம், எந்த மீட்டர், எவ்வளவு ராண்ட் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு தொகை சர்ச்சையில் இருக்கும்போது, மற்றக் கணக்குகளோடு அதைச் சேர்த்துக் கடன் வசூலில் இறங்க அதே சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. சர்ச்சையில் இல்லாத பாக்கியை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடுங்கள்.

ப்ரீபெய்டு மீட்டரில் 2024இல் திடீரென்று நாற்பது இலக்கம் அடிக்கச் சொன்னார்களே, அது நம்மை உளவு பார்க்கவா?

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை கோப்பைத் தேநீரைத் தியாகம் செய்திருக்கிறேன் என்று கணக்கில்லை. உளவு இல்லை, நாட்காட்டிச் சிக்கல். முன்பணம் கட்டி நீங்கள் வாங்கும் 20 இலக்க மின்சார டோக்கனுக்குள் அது எந்த நிமிடத்தில் வழங்கப்பட்டது என்ற எண் ஒளிந்திருக்கிறது. 1993 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நிமிடமாக எண்ணி வருகிறார்கள். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிமிடம் வரைதான் கொள்ளும். பழைய காரின் மைல்மானி 99999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போல, 2024 நவம்பர் 24இல் அது நிரம்பியது. அதற்குள் இரண்டு 20 இலக்கக் குறியீடுகளை அடித்து மீட்டரைப் புதிய கணக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு முறை பயன்படுத்திய டோக்கனை மறுபடி அடிக்காமல் தடுக்கவே இந்த நிமிட எண்.

நீங்கள் எண் அடிக்கும் சாதாரண மீட்டர் வெளியே எதையும் அனுப்புவதில்லை. ஆனால் டோக்கனை விற்ற இடத்தில் பதிவு இருக்கிறது: எந்த மீட்டர், எந்த நாள், எவ்வளவு. மாதக்கணக்கில் ஒரு யூனிட்கூட வாங்காத வீட்டில் இரவு விளக்கு எரிந்தால், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆய்வாளர் கதவைத் தட்டுகிறார்.

வீட்டுக்குள் யாரும் வந்து பார்க்கவில்லை. மதிப்பு மட்டும் எப்படி ஏறியது?

உள்ளே வரத் தேவையில்லை. 2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டம் நேரடி ஆய்வு கட்டாயமில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வான்வழிப் படங்கள், பத்திரப் பதிவகத்தின் விற்பனை விவரங்கள், கட்டட வரைபடங்கள் இவற்றைக் கணினியில் போட்டு, உங்கள் தெருவில் அண்மையில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு மொத்தமாக மதிப்பிடுவார்கள். குவாசுலு நட்டாலின் பத்திரப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. உங்கள் தெருவில் யார் என்ன விலைக்கு விற்றார்கள் என்பது அங்கிருந்துதான் தெரிகிறது. பின்வாசலில் போட்ட தகரக் கொட்டகை மேலிருந்து பார்த்தால் கூரை வேய்ந்த அறை மாதிரித் தெரியும். அதற்கும் சேர்த்து மதிப்புப் போட்டுவிட்ட கதைகள் உண்டு.

மாநகரங்கள் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை புதிய பட்டியல் வெளியிடுகின்றன. ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆட்சேபிக்கக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். "எல்லோருக்கும் ஏற்றிவிட்டார்கள்" என்பது ஆட்சேபம் ஆகாது. உங்கள் வீட்டுக்கு, குறிப்பிட்ட மதிப்பீட்டு நாளில், இன்ன காரணத்தால் இந்த விலை தவறு என்று காட்ட வேண்டும். ஒரே தெருவில் விற்ற மூன்று வீடுகளின் விலை, சுவர் வெடிப்பின் படம், பின்புறச் சரிவின் படம் ஆகியவை உதவும். ஆட்சேபம் கொடுத்துவிட்டோம் என்று ரேட்ஸ் என்னும் சொத்து வரியைக் கட்டாமல் இருக்காதீர்கள். முடிவு வரும் வரை கட்டித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டு மதிப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க முடிகிறதே. தனியுரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறீர்களே, அது எங்கே போயிற்று?

மதிப்புப் பட்டியல் எல்லோரும் பார்ப்பதற்காகவே வைக்கப்படுகிறது. அவருடைய மதிப்பை நீங்கள் பார்க்க முடிந்தால்தானே உங்களுக்கு மட்டும் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று நிரூபிக்க முடியும்? வரி என்பது ஊர்ப் பந்தி. இலைக்கு இலை என்ன விழுகிறது என்று எல்லோருக்கும் தெரிவதுதான் நியாயம். உங்கள் தண்ணீர்ப் பயன்பாடு, பாக்கித் தொகை, தொலைபேசி எண் ஆகியவை அப்படியல்ல. அவை உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ளவை.

இந்தக் கோட்டை ஒரு மாநகரம் உரசிப் பார்த்ததும் உண்டு. 2018 ஜனவரியில், அணைகள் வற்றிக் 'குழாய் நிற்கும் நாள்' நெருங்குகிறது என்று கேப் டவுன் நடுங்கிக்கொண்டிருந்தபோது, மாநகராட்சி ஒரு வரைபடத்தை இணையத்தில் போட்டது. மாதம் 6,000 லிட்டருக்குள் பயன்படுத்திய வீட்டுக்கு ஒரு பச்சைப் புள்ளி, 10,500 லிட்டருக்குள் என்றால் வேறொரு பச்சை. பெயரும் இல்லை, அதிகம் பயன்படுத்தியவர்களுக்குச் சிவப்பும் இல்லை. ஆனால் புள்ளி இல்லாத வீடு எது என்று தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அந்த நாட்களின் நெருக்கடியில் எனக்கு அது தவறாகப் படவில்லை. மழை பெய்து அணை நிரம்பிய பிறகும் அப்படி ஒரு வரைபடம் இருந்தால் நானே எதிர்த்து எழுதுவேன்.

என் அனுமதி இல்லாமல் என் விவரங்களை வைத்திருக்கலாமா?

பல விஷயங்களில், ஆம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் போப்பியா என்று சொல்வது, 2013இல் நிறைவேறி 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுகிறது. அனுமதி என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று மட்டும். சட்டக் கடமை, பொது நிர்வாக வேலை, ஒப்பந்தம் ஆகியவையும் போதுமான காரணங்கள். ரேட்ஸ் வசூலிக்க உங்களிடம் அனுமதி கேட்டால் யார்தான் தருவோம்?

ஆனால் ஒரு காரணத்துக்காக வாங்கியதை வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது, தேவைக்கு மேல் கேட்கக் கூடாது, தேவை தீர்ந்த பின் வைத்திருக்கக் கூடாது, சரியாக வைத்திருக்க வேண்டும். கடைசிச் சொல்லை இரண்டு முறை படியுங்கள். நகரம் நம்மைப் பற்றி அதிகம் அறிவதைவிடத் தப்பாக அறிவதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த அக்காவின் மீட்டர் ஞாபகம் இருக்கிறதல்லவா?

சென்சஸ் எடுக்க வந்தவர்களும் மாநகராட்சி ஆட்கள்தானே?

இல்லை. அது தேசியப் புள்ளிவிவரத் துறை. 1999ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சட்டப்படி நீங்கள் தனிநபராகச் சொன்னதை அவர்கள் மாநகராட்சிக்குக் கொடுக்க முடியாது. கூட்டிய எண்களை மட்டுமே தருவார்கள். பின்வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருப்பதை மறைக்கிறீர்களே, அதற்கு அவசியமே இல்லை.

மறைத்தால் நஷ்டம் நமக்கு. மத்திய அரசு நகராட்சிகளுக்குத் தரும் பங்குத் தொகையைக் கணக்கிட வீடுகளின் எண்ணிக்கை தேவை. அதன் வேர் மக்கள் கணக்கெடுப்பு. 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள் தொகை 6 கோடியே 20 லட்சம் என்று வந்தது. அதில் நேரில் எண்ண முடியாமல் விட்டுப்போனவர்கள் ஏறக்குறைய 31 விழுக்காடு; தனி மாதிரி ஆய்வு நடத்தி அதை ஈடுகட்டினார்கள். கதவைத் திறக்காதவர்களில் நம் தெருக்களும் உண்டு.

இன்னும் ஏன் படிவத்தில் 'இந்தியர்' என்று கேட்கிறார்கள்? அந்தக் காலம் போய்விட்டதே?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி, கோபம் நியாயமானது. 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஒரு இனத்தில் எழுதி வைத்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அந்தப் பதிவை வைத்து யார் எங்கே வாழலாம் என்று தீர்மானித்தது. டர்பன் நகர மன்றம் இதில் வெறும் வேடிக்கை பார்க்கவில்லை. அதன் தொழில்நுட்பத் துணைக்குழு 1951இலேயே நகரத்தை இனவாரியாகப் பிரிக்கும் வரைபடங்களைத் தயாரித்தது. ஆறுகள், ரயில் பாதைகள், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற கணக்குகள் எல்லாம் அதில் இருந்தன. அளவு எடுத்தவர்கள் திறமைசாலிகள். அந்தத் திறமைதான் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்ட நம் குடும்பங்களை லாரியில் ஏற்றியது.

மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்களும் சாலைத் தொழிலாளர்களும். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நகரத்துக்கே வேலை செய்தவர்களை நகரமே 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. போன இடத்துக்கு ஊர்ப் பெயர்கூட வைக்கவில்லை. யூனிட் 1, யூனிட் 2 என்று எண். அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களில்கூட இனக் குறியீடு இருந்தது, 1980களில்தான் நீக்கினார்கள். இரண்டு சட்டங்களும் 1991இல் ரத்தாயின. இதையெல்லாம் அனுபவித்த ஒருவர் படிவத்தைப் பார்த்து முகம் சுளித்தால், அவரை யாரும் பழம்பஞ்சாங்கம் என்று சொல்லக் கூடாது.

இன்று கேட்பது வேறு காரணத்துக்கு: வேலையிலும் ஒப்பந்தங்களிலும் பழைய ஏற்றத்தாழ்வு குறைந்ததா என்று அளக்க. போப்பியாவில் இனம், மதம், உடல்நிலை, கைரேகை போன்றவை தனிப் பாதுகாப்புப் பெற்ற தகவல்கள். நூலக அட்டைக்கு எதற்கு இனம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். தேவையான இடமும் தேவையற்ற இடமும் இருக்கின்றன. வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது படிவம் அச்சிட்டவர்.

இவ்வளவு சேர்த்து வைத்து நமக்கு என்ன பிரயோசனம்?

2022 ஏப்ரல் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அங்குள்ளவர்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள். அதே மழையில் பால்மியட் ஆற்றங்கரையின் குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பில், மாநகராட்சியின் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு தந்த எச்சரிக்கை வாட்ஸ்அப் குழு வழியாகப் போய்ச் சேர்ந்து, ஆட்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள். மழைமானியின் எண், ஆற்றின் மட்டம், தாழ்வான வீடுகளின் வரைபடம், இவற்றோடு கதவைத் தட்டக்கூடிய ஒரு ஆள். நான்கில் கடைசியானதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

கெட்ட உதாரணமும் சொல்கிறேன். டர்பன் குழாய்களில் அனுப்பும் நீரில் பாதிக்கும் மேல் அண்மை ஆண்டுகளில் வருவாய் இல்லாமல் போகிறது. கசிவு எவ்வளவு, திருட்டு எவ்வளவு, மீட்டர்ப் பிழை எவ்வளவு என்று பிரித்தால்தான் எதைத் தோண்டுவது என்று முடிவு செய்ய முடியும். நீங்கள் தெருக் கசிவைப் புகார் செய்து வாங்கும் குறிப்பு எண் அந்தக் கணக்கில் ஒரு புள்ளி. கவுன்சிலரிடம் வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது.

தெருவெல்லாம் கேமரா. எல்லாம் மாநகராட்சியுடையதா?

இல்லை, நிறையத் தனியாருடையவை: கடைகள், பாதுகாப்பு நிறுவனங்கள், குடியிருப்போர் சங்கங்கள். யாருடைய கம்பம் என்று முதலில் பாருங்கள். விபத்துப் பதிவு தேவைப்பட்டால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். படங்களை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை, பழையதன் மேல் புதியது எழுதப்படும்.

மாநகராட்சிக் கணினியில் திருடன் புகுந்தால்?

புகுந்திருக்கிறான். 2019 ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க்கின் மின்சார நிறுவனமான சிட்டி பவரின் கணினிகளை ஒரு கும்பல் பூட்டிப் போட்டதால், குளிர்காலத்தில் ஜனங்கள் ப்ரீபெய்டு மின்சாரம் வாங்க முடியாமல் தவித்தார்கள். மூன்றே மாதத்தில், அக்டோபரில், அதே மாநகராட்சியின் கணினிகளுக்குள் இன்னொரு கும்பல் நுழைந்து 4 பிட்காயின் கேட்டது. மாநகராட்சி கொடுக்க மறுத்தது.

இன்று அப்படி நடந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தகவல் ஒழுங்காற்று ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று போப்பியா சொல்கிறது. அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். 2023இல் முதல் அபராதம், 50 லட்சம் ராண்ட், நீதி அமைச்சகத்துக்கே விழுந்தது! உங்கள் பங்குக்கு: "மாநகராட்சியிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வையுங்கள்.

தப்பாக இருப்பதை எப்படித் திருத்துவது? கோப்பைக் கேட்டால் காட்டுவார்களா?

இரண்டு சட்டம், இரண்டு வழி. உங்கள் விவரத்தைத் திருத்த அல்லது நீக்க, போப்பியா. மாநகராட்சியிடம் உள்ள எந்த ஆவணத்தையும் பார்க்க, 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம். இதைச் சுருக்கமாகப் 'பாயா' என்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் அன்று. வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் நமக்கு வேண்டிய படிவத்தின் பெயர் 'படிவம் 2'. தவறான படிவம் 2ஐ நிரப்பி மூன்று வாரம் இழந்தவர்களைத் தெரியும். தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பாயாவில் ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். ஒரு முறை மட்டும் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். பதிலே வரவில்லை என்றால் மறுத்ததாகப் பொருள். பிறகு 60 நாளுக்குள் மாநகராட்சிக்குள்ளேயே மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 180 நாளுக்குள் ஒழுங்காற்று ஆணையம். உங்களைப் பற்றிய சொந்தத் தகவலைக் கேட்டால் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. சட்டப்படி தகவல் அதிகாரி என்பவர் மாநகராட்சி மேலாளர். கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பாவம் அவர்.

தமிழில் எழுதலாமா என்று ஒரு தாத்தா கேட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக. ஆனால் அது அலுவல் மொழி இல்லை. பெருமைப்பட்டுவிட்டு ஆங்கிலத்திலோ சூலுவிலோ எழுதுங்கள்.

நகரத்தின் மொத்தக் கணக்கை, அதாவது எங்கே செலவழிக்கிறார்கள் என்பதை, நாமே பார்க்கலாமா?

பார்க்கலாம், விண்ணப்பம்கூட வேண்டாம். வரவு செலவுத் திட்டம், ஆண்டறிக்கை முதலியவற்றை இணையதளத்தில் போட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் சொல்கிறது. தேசிய நிதித் துறை 2016இல் 'முனிசிபல் மணி' என்ற தளத்தைத் தொடங்கியது. அதில் எல்லா நகராட்சிகளின் கணக்கையும் ஒப்பிடலாம். கேப் டவுன் 2015 முதல் தன் தரவுகளுக்கென்றே தனித் தளம் வைத்திருக்கிறது. டர்பனும் பொருளாதாரத் தரவுகளை வெளியிடுகிறது.

தாத்தா இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. பில் அவர் பெயரில்தான் வருகிறது, நாங்களும் கட்டுகிறோம். விட்டுவிடலாமா?

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் இதைக் கேட்காத வாரம் இல்லை. விடாதீர்கள். மாநகராட்சி தன் இஷ்டத்துக்குப் பெயரை மாற்ற முடியாது; பத்திரப் பதிவகத்தில் என்ன பெயரோ அதுதான் உரிமையாளர். முதலில், இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் மரபுரிமைப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும், பிறகு பத்திர மாற்றம், அதற்கு முன் மாநகராட்சியின் பாக்கியின்மைச் சான்றிதழ். முந்தைய இரண்டு ஆண்டுப் பாக்கி தீராமல் அந்தச் சான்றிதழ் வராது.

போப்பியாவை இங்கே இழுக்க முடியாது. அது உயிரோடிருப்பவர்களின் தகவலை மட்டுமே காக்கிறது. கவுன்டரில் "மூன்றாம் நபருக்குத் தர மாட்டோம்" என்று சொன்னால், பொறுப்பாளர் நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் நீங்கள் மூன்றாம் நபர் இல்லை.

எங்கள் கொள்ளுத் தாத்தாவின் கப்பல் எண்ணையும் மாநகராட்சியில் கேட்கலாமா?

மாநகராட்சியில் இல்லை. டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' வந்தது முதல் 1911 வரை நட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் தலைக்கு ஒரு எண். அந்தப் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன. பெயரை வைத்துத் தேடினால் குமாஸ்தாவின் காதை நம்ப வேண்டியிருக்கும். எண் தெரிந்தால் உடனே கிடைக்கும். பழைய திருமணச் சான்றிதழ், குடியேற்றத் தாள், மனைப் பத்திரம் ஏதாவது ஒன்றின் மூலையில் அந்த எண் எழுதியிருக்கும், பாருங்கள். பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை இருக்கும். சென்ற மாதம் ஒரு பெரியம்மா தன் பாட்டனாரின் வரியைக் கண்டுபிடித்து நகல் எடுத்து வந்தார். இடது முழங்காலில் வடு என்று எழுதியிருந்தது. எப்படி ஏற்பட்ட வடு என்று அவரிடம் கேட்டவர்கள் யாருமில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.